மண்ணுக்கு மூடாக்கு, முட்டிக்கு என்ன?

நம் கூட்டங்களில் மண்புழுவைப் பற்றிப் பேசுகிறோம். நாட்டு மாட்டைப் பற்றியும் பாரம்பரிய நெல்லைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். புதிதாக வருகிற ஒருவர், "களைக்கொல்லி அடிக்காம களையை எப்படிங்க சமாளிக்கிறீங்க?" என்று கேட்டால் மட்டும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "ஆள் விட்டு எடுக்கிறோம்."

அந்த ஆள் யார்? பெரும்பாலும் ஒரு பெண். நாற்பது, ஐம்பது வயதுக்காரர். நிலம் அவருடையது இல்லை. கையாலும் களைக்கொத்தாலும் களை எடுக்கிறார் என்று சொல்வோம். ஆனால் அந்த வேலையில் அவர் செலவழிப்பது முட்டியை. நெல் வயலில் குனிந்து எடுக்கும்போது இடுப்பு போகிறது. கடலை, கீரை, காய்கறிப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து நகரும்போது முட்டி போகிறது. விஷத்தை நிலத்திலிருந்து எடுத்து, அதன் சுமையைக் கூலிப் பெண்களின் முட்டியில் இறக்கி வைத்தால் அதை முழுமையான இயற்கை வேளாண்மை என்று சொல்ல முடியாது. இதுதான் என் கருத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வட சென்னையில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி சொல்கிற பாடம்

நான் வேலை பார்த்த வங்கிக் கிளைகளில் இரண்டு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருந்தன. அங்கே கவுன்டருக்கு வருகிறவரின் நடையைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடலாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் காலை அகட்டி வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து நடப்பார். காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா பெஞ்சிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுவார். ஒரு கிளை மாடியில் இருந்தது. பென்ஷன் வாங்க வருகிறவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று நின்று ஏறுவார்கள். இன்று மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து வயல்களில் களை எடுக்கிற பெண்களிடம் அதே நடையைப் பார்க்கிறேன். இவர்கள் மூட்டை தூக்கியவர்கள் இல்லை. வருஷக்கணக்கில் குந்தி உட்கார்ந்ததே போதுமானதாக இருக்கிறது.

ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்த இடம் அது. அங்கே 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கென்றே ஒரு தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். நாடு முழுக்கப் பேர் வாங்கிய பிரிவு. சுற்றிலும் ஆலை, பட்டறை, துறைமுகம் இருக்கிற இடத்தில் அப்படி ஒன்று வளர்ந்ததன் நியாயம் யாருக்கும் புரியும்.

விரல் துண்டானால் ரத்தம் வரும். அதற்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, எந்த மெஷின் என்று சொல்ல முடியும். நஷ்ட ஈடு கேட்கலாம். முட்டிக்குத் தேதி கிடையாது. அது இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. கடைசியில் டாக்டரிடம் போனால் "வயசாயிடுச்சும்மா" என்று ஒரு சொல். தொழில் அங்கே மறைந்துபோகிறது. ஆலைத் தொழிலாளிக்காவது ஈ.எஸ்.ஐ. அட்டை என்று ஒன்று இருக்கிறது, அதுவும் முறையாகப் பதிவு செய்தால். களை எடுக்கிற பெண்ணுக்கு அதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் களைக்கு ஆள் கிடைக்காமல், எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று புலம்புகிறோம். போகாமல் என்ன செய்வார்கள்?

முட்டிக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும்

முட்டியைக் காப்பாற்ற வேண்டுமானால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மண்ணைப் படித்த நமக்கு இது கஷ்டமில்லை.

மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு, முன்னால் முழங்கால் சில்லு. இந்த மூன்றும் சேருகிற இடம்தான் முட்டி. எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க, அவற்றின் முனையில் வழவழப்பான குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் கனத்துக்கு மூடியிருக்கிறது. மண்ணுக்கு மேல்மண் எப்படியோ, மூட்டுக்குக் குருத்தெலும்பு அப்படி. மெல்லிய அடுக்குதான், போனால் திரும்ப வருவது மிக மிகக் கடினம்.

ஏன் கடினம் என்றால், குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற வழவழப்பு நீரில் இருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எடை விழும்போது பஞ்சு மாதிரி அமுங்கி நீரை வெளியே விடும், எடை போனதும் உறிஞ்சிக்கொள்ளும். வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் எப்படியோ, முட்டிக்கும் அப்படித்தான். அசையாமல் கிடந்தாலும் கெடும், ஓயாமல் அமுங்கிக் கிடந்தாலும் கெடும். நடப்பது நல்லது என்று டாக்டர்கள் சொல்வதும், மூன்று மணி நேரம் குந்தி உட்காருவது கெட்டது என்பதும் ஒரே காரணத்தால்தான்.

இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மெனிஸ்கஸ் என்பார்கள். எடையைப் பரப்பி வாங்குவது இவற்றின் வேலை. எலும்புகளைக் கட்டி நிறுத்த நான்கு நார்க்கட்டுகள், அதாவது லிகமென்ட். இரண்டு பக்கவாட்டில், இரண்டு மூட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக. உள்ளே முன்பக்கம் இருப்பதைத்தான் ஏ.சி.எல். என்கிறார்கள். இதெல்லாம் போக, தோலுக்கும் சில்லுக்கும் நடுவில் சின்ன நீர்ப்பை ஒன்று உண்டு. மொத்தத்தையும் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை.

நம்ம ஊரில் மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம், லிகமென்ட்டையும் ஜவ்வு என்கிறோம். "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எது எப்படிப் போகிறது

சேற்று வயலில் கால் புதைந்து நிற்கிறது. பக்கத்தில் கூப்பிடுகிறார்கள். உடம்பு திரும்புகிறது, பாதம் திரும்பவில்லை. அந்தத் திருகல் முழுக்க முட்டியில் இறங்குகிறது. மெனிஸ்கஸ் கிழிய இதைவிட நல்ல வழி வேண்டாம். குந்தியிருந்து சடாரென்று திரும்பி எழும்போதும் இதேதான். வீக்கம் மெதுவாக, மறுநாள் காலையில் தெரியும். சில சமயம் முட்டி பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும்.

வரப்பில் வழுக்கினாலோ, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி வண்டியோடு விழுந்தாலோ நார்க்கட்டு போகலாம். பல பேருக்கு 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், சில மணி நேரத்திலேயே முட்டி பானை மாதிரி வீங்கும். வீக்கம் இறங்கிய பிறகும், நடக்கும்போது முட்டி நழுவிக் காலை வாருகிற மாதிரி இருக்கும். மண்டிபோட்டே வேலை செய்கிறவர்களுக்கு அந்த முன்பக்க நீர்ப்பை வீங்கும். வருஷக்கணக்கில் சுமையும் குந்தலும் சேர்ந்தால் வருவது தேய்மானம். காலையில் விறைப்பு, படி இறங்கும்போது வலி, பிறகு கால் வில்லாக வளைவது என்று போகும்.

அடிபட்டால் முதலில் வேலையை நிறுத்துங்க. ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிஷம் வையுங்க, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்க. வீங்கின முட்டியை, உள்ளே என்ன என்று தெரிவதற்கு முன்னால் உருவிவிடவே கூடாது. காலை ஊன்ற முடியவில்லை, முட்டி பூட்டிக்கொண்டது, நழுவுகிறது என்றால் எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். முட்டி சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, காத்திருக்கக் கூடாது.

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கண்ணுக்குத் தெரிந்தே கூலிப் பெண்கள் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறார்கள். அவசரத்துக்கு மாத்திரை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் போடுவது யூரியா போட்டு மண்ணை ஏமாற்றுகிற மாதிரி. பயிர் பச்சையாகத் தெரியும், மண் போய்க்கொண்டே இருக்கும். வலி தெரியாததால் கெட்ட முட்டியை இன்னும் கெடுக்கிறோம், கூடவே வயிறும் சிறுநீரகமும் அடி வாங்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் பிணம் தின்னிக் கழுகுகளை அழித்தது, 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள் என்று நம் மேடைகளில் பேசுகிறோம். அதே மருந்து மனுஷருக்கு எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது.

13,000 மணி நேரம்

"எங்க பாட்டி குந்தித்தான் உட்கார்ந்தாங்க, எழுபது வயசு வரை நல்லாத்தானே இருந்தாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. சில நிமிஷம் குந்தி உட்கார்ந்து எழுவது முட்டிக்குப் பகை இல்லை. அது நல்ல அசைவு. மணிக்கணக்கில், வருஷக்கணக்கில் அப்படியே இருப்பதுதான் பகை. தொடையும் கெண்டைக்காலும் ஒட்டுகிற அளவுக்கு மடங்கும்போது தொடை எலும்பு பின்னால் உருண்டு, மெனிஸ்கஸின் பின் ஓரத்தை நசுக்குகிறது. சீனாவின் பெய்ஜிங் நகரத்து முதியவர்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, இளம் வயதில் தினமும் நீண்ட நேரம் குந்தியிருந்தவர்களுக்கு முதுமையில் முட்டித் தேய்மானம் அதிகம் என்று காட்டியது.

இதை ஒரு தொழில் நோயாகவே ஏற்ற நாடுகள் இருக்கின்றன. பிரிட்டன் 2009-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் முட்டித் தேய்மானத்தைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனியும் அதே வருஷம் சேர்த்தது. அங்கே ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். ஒருவர் வாழ்நாளில் மண்டியிட்டோ குந்தியோ குறைந்தது 13,000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், வேலை நாளில் ஒரு மணி நேரமாவது அப்படி இருந்திருக்க வேண்டும்.

முப்பது வருஷம் லெட்ஜர் பார்த்தவனுக்கு இந்த எண் கையில் கிடைத்தால் சும்மா இருக்க முடியாது. ஒரு பெண் நாளுக்கு ஐந்து மணி நேரம் குந்தி வேலை செய்கிறார், வருஷத்தில் 150 நாள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 750 மணி நேரம். 13,000-ஐ 750-ஆல் வகுத்தால் பதினேழு வருஷம், சில மாதம். இருபது வயதில் களைக்கு இறங்கினவர் முப்பத்தெட்டு வயதுக்குள் ஜெர்மன் கணக்கைத் தாண்டிவிடுகிறார். அதற்குப் பிறகும் இருபது வருஷம் அவர் நம் வயலில் வேலை செய்கிறார். உங்கள் வயலின் எண்ணைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க.

இன்னொரு செய்தி நமக்கே உறைக்க வேண்டியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குட்டைக் கைப்பிடி களைக்கொத்தை 1975-இல் தடை செய்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்து முதுகு போன தொழிலாளிகள் போராடி வாங்கிய தடை அது. பிறகு முதலாளிகள் சிலர் கொத்தையே கொடுக்காமல், வெறும் கையால் களை எடுக்கச் சொன்னார்கள். 2004-இல் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்றவர்களில் இயற்கைப் பண்ணைகளும் உண்டு! களைக்கொல்லி இல்லாததால் கை தவிர வழியில்லை என்பது வாதம். விஷமில்லாத உணவு என்ற பெயரால் ஒரு தொழிலாளியின் உடம்புக்குப் பாதுகாப்பு மறுக்கப்பட்டால், அது நாம் பெருமைப்படுகிற இடம் இல்லை. இயற்கை வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஐ.எஃப்.ஓ.ஏ.எம். 2005-இல் ஏற்ற நான்கு கோட்பாடுகளில் ஆரோக்கியமும் நியாயமும் இருக்கின்றன. மண், பயிர், விலங்கு, மனிதர் எல்லாவற்றின் ஆரோக்கியமும் ஒன்று என்கிறது அது. மனிதர் என்பதில் கூலிக்கு வருகிறவரும் அடக்கம்தானே?

என்ன செய்யலாம்

முதலில், களையே குறைவாக வரட்டும். மூடாக்கை ஈரம் காக்க, மண்புழுவுக்காக என்று மட்டும் நினைக்கிறோம். அது முட்டிக்கும் மருந்து. ஒரு பாத்திக்கு வைக்கோலோ சருகோ கனமாகப் போட்டால், குந்தி உட்காருகிற மணி நேரம் பெருமளவு குறையும். விதைப்புக்கு முன் களையை முளைக்கவிட்டு மடக்கி உழுவதும், சணப்பு, தக்கைப்பூண்டு போட்டு நிலத்தை மூடுவதும் இதில் சேரும்.

இரண்டாவது, நின்று செய்கிற கருவி. ஒற்றை நாற்று நடவில் 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, நட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் கோனோ வீடர் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். காய்கறிக்கும் கடலைக்கும் வரிசை நடவு செய்து, சக்கரம் வைத்த தள்ளு கொத்தையோ நீளக் கைப்பிடி களைக்கொத்தையோ கொடுங்க. கைப்பிடி வேலை செய்கிறவரின் உயரத்துக்கு இருக்கணும். ஐந்தடிப் பெண்ணுக்கு ஆறடி ஆளின் கருவியைக் கொடுத்துவிட்டு, "அவங்க தொடவே மாட்டேங்கிறாங்க" என்று சொல்லக் கூடாது.

மூன்றாவது, குந்தித்தான் ஆகணும் என்கிற வேலைக்குத் தாழ்வான ஒரு மணை, இல்லையென்றால் மண்டி போட வைக்கோல் திணித்த சாக்கு மெத்தை. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு எட்டு நடை. காலையில் குந்தல் வேலை என்றால் மதியம் நின்று செய்கிற வேலை. காய்ச்சலும் பாய்ச்சலும் மறக்க வேண்டாம்.

நான்காவது, மூட்டை. நம் பக்கம் நெல் மூட்டை 75 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையில்தான் பிடிக்கிறார்கள். நாம் நேரடியாக விற்கிற அரிசிக்கும் காய்க்கும் மூட்டை அளவை நாமேதான் முடிவு செய்கிறோம். 25 கிலோ போதும். சமதரையில் நடக்கும்போதே முட்டியில் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு இறங்குகிறது. தலையில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் அதே மாதிரி பெருகித்தான் கீழே இறங்கும்.

ஐந்தாவது, தசை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது. ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். வலி அதிகமானால் நிறுத்திவிட்டு ஆலோசனை கேளுங்க. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. ஊரில் யாருக்குத் தேவை என்று சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுக்க நமக்கு என்ன தடை?

முட்டி மாற்று அறுவை கடைசி வழி. அதற்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். செயற்கை முட்டியின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. பெரும்பாலோருக்குப் பொருத்துகிற கோபால்ட் குரோமியம் முட்டிக்கு அன்று வரி நீங்கலாக 54,720 ரூபாய். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்க. கந்து வட்டிக்கு வாங்கித் தனியாரிடம் ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது அது.

வேலை போகாதா?

கருவி வந்தால் கூலிப் பெண்களின் வேலை நாள் குறையாதா என்று கேட்டால், குறையும். அதை மறைக்க வேண்டியதில்லை. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. முட்டிக்கும் முதுகுக்கும் விடுதலைதான், ஆனால் மூட்டை தூக்குகிற வேலையும் கூடவே சுருங்கியது. வயலிலும் இது நடந்திருக்கிறது. பல ஊர்களில் கோனோ வீடர் வந்ததும் ஆண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பெண்களின் களைக் கூலி போய்விட்டது. ஆகவே கருவியை வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. அதை ஓட்டக் கற்றுக்கொடுப்பது பெண்களுக்கு, கூலியும் கருவி ஓட்டுகிற கூலியாக. ஐந்து நாள் வேலை மூன்று நாளில் முடிந்தால், மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போக வேண்டும். "கட்டுபடியாகாது" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விஷமில்லாத காய்க்கு நகரத்தில் கூடுதல் விலை கேட்கிறோம். அந்தக் கூடுதல் விலைக்குள் களை எடுத்தவரின் முட்டியும் இருக்கிறது என்று வாங்குகிறவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

நம் இயக்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, பண்ணைப் பதிவேட்டில் ஒரு பத்தி சேர்ப்போம்: இந்தப் பருவத்தில், இந்த ஏக்கரில், குந்தியும் மண்டியிட்டும் செய்த வேலை எத்தனை மணி நேரம். அடுத்த பருவம் அது குறைந்ததா என்று கூட்டத்தில் படிப்போம். எழுதி வைக்காத கடன் வசூலாவதில்லை, எழுதி வைக்காத தேய்மானமும் யார் கண்ணிலும் படுவதில்லை. இரண்டு, அந்தக் கணக்கு மாவட்டம் மாவட்டமாகச் சேர்ந்த பிறகு, வேளாண் தொழிலாளர்களின் முட்டித் தேய்மானத்தைத் தொழில் நோயாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி அரசிடம் போவோம். வெறும் கையோடு போனால் "வயசாயிடுச்சும்மா" என்றுதான் நமக்கும் பதில் வரும். வருகிற பருவத்துக்கு விதை எடுத்து வைக்கிற நாளிலேயே அந்தப் பத்தியையும் கோடு போட்டு வைத்துவிடுங்க.